1000 என்பவர் யார்?

2025 அக்டோபர் 14 அன்று விண்டோஸ் 10-க்கான ஆதரவை மைக்ரோசாஃப்ட் நிறுத்தியது. விண்டோஸ் 11-ஐத் தாங்காத பழைய மடிக்கணினிகளைக் காயலான் கடைக்கு அனுப்ப மனம் வராத பலருக்கு உபுண்டுவோ லினக்ஸ் மின்டோ கைகொடுத்தது. வீட்டில் இப்படி இரண்டு மூன்று லினக்ஸ் கணினிகள் சேர்ந்ததும் அடுத்த ஆசை தானாக வருகிறது. ஹாலில் இருக்கும் கணினியின் படங்களும் பாட்டுகளும் உள்ளறையிலும் திறக்க வேண்டும். பென் டிரைவைத் தூக்கிக்கொண்டு அறைக்கு அறை நடப்பது ஒழிய வேண்டும்.

வேலை ஒன்றும் பெரிதில்லை. யூனிக்ஸ் உலகில் நாற்பது ஆண்டுகளாகப் புழங்கும் என்எஃப்எஸ் இதற்குப் போதும். கோப்புகளை வைத்திருக்கும் கணினியில் ஒரு மென்பொருள், கேட்கும் கணினியில் அதன் துணை மென்பொருள், பிறகு 'எக்ஸ்போர்ட்ஸ்' என்ற கோப்பில் ஒரே ஒரு வரி. எந்த ஃபோல்டர், யாருக்கு, எவ்வளவு உரிமையோடு என்று அந்த வரி சொல்ல வேண்டும். நடுவில் இருக்கிற 'யாருக்கு' என்பதில்தான் வில்லங்கம். ஒருவர் தன்னைப் பற்றிச் சொல்வதை எதை வைத்து நம்புவது என்று இந்தியத் தருக்க மரபு நூற்றாண்டுக் கணக்கில் போட்ட சண்டை, அந்தச் சின்ன இடத்தில் மறுபடி தொடங்குகிறது.

ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். அப்பாவுக்கு ஒரு மடிக்கணினி, கல்லூரியில் படிக்கும் மகளுக்கு ஒன்று, ஹாலில் பொதுவாக ஒரு மேசைக் கணினி. டெபியன், உபுண்டு, ஃபெடோரா என எதை நிறுவினாலும் முதலில் திறக்கப்படும் பயனர் கணக்குக்குக் கிடைக்கும் எண் 1000. அடுத்தவருக்கு 1001. அப்பா தன் கணினியில் முதல் ஆள், ஆகவே அவர் 1000. மகளும் தன் கணினியில் முதல் ஆள், அவளும் 1000. ஒரு கோப்பு வட்டில் பதிவாகும்போது உரிமையாளர் இடத்தில் எழுதப்படுவது இந்த எண்தான். பெயர்கள் ஒவ்வொரு கணினியும் தனித்தனியே வைத்திருக்கும் பட்டியலிலிருந்து பிறகு எடுத்து ஒட்டப்படுபவை.

இப்போது உள்ளறையிலிருந்து ஹாலுக்கு ஒரு கோரிக்கை போகிறது: நான் 1000, இந்தக் கோப்பைக் கொடு. என்எஃப்எஸ்ஸின் வழக்கமான அமைப்பில், ஹாலில் இருக்கும் சர்வர் கடவுச்சொல் கேட்பதில்லை, சாட்சி கேட்பதில்லை. கேட்ட கணினி சொன்ன எண்ணை அப்படியே ஏற்றுக்கொண்டு எடுத்துக் கொடுக்கிறது. மகளின் நாட்குறிப்பை அப்பா திறக்கலாம். அப்பாவின் வருமான வரிக் கணக்கை மகள் அழிக்கலாம். இருவரில் ஒருவர்கூடப் பொய் சொல்லவில்லை என்பதுதான் வேடிக்கை. மேசைக் கணினியில் மகளுக்கு இரண்டாவதாகக் கணக்குத் திறந்திருந்தால் இன்னொரு கூத்தும் நடக்கும். அங்கே அவள் 1001. அங்கே தானே எழுதி வைத்த கோப்பைத் தன் மடிக்கணினியிலிருந்து திருத்தப் போனால் 'உனக்கு அனுமதி இல்லை' என்று பதில் வரும்.

இதை வடிவமைத்தவர்கள் விவரம் தெரியாதவர்கள் அல்லர். சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனம் 1984-இல் என்எஃப்எஸ்ஸை உருவாக்கியபோது, அதைப் பயன்படுத்தும் கணினிகள் பல்கலைக்கழகங்களிலும் ஆய்வுக்கூடங்களிலும் இருந்தன. அவற்றின் நிர்வாக உரிமை, அதாவது 'ரூட்' அதிகாரம், சம்பளம் வாங்கும் ஓரிருவர் கையில் இருந்தது. யூனிக்ஸில் 1024-க்குக் கீழான எண்ணுள்ள வலையமைப்பு வாசல்களை ('போர்ட்') ரூட் மட்டுமே திறக்க முடியும். அந்த வாசல் வழியாக வரும் கோரிக்கை நிர்வாகியின் பொறுப்பில் வருகிறது, ஆகவே அதிலுள்ள எண் உண்மையாகத்தான் இருக்கும் என்று கணக்கிட்டார்கள். தனி ஆளை விசாரிக்கவில்லை. அவர் வந்த இடத்தை விசாரித்தார்கள். கிராமத்துத் திண்ணையில் புது ஆளைப் பார்த்து 'யார் வீட்டுப் பிள்ளை?' என்று கேட்பது போன்ற ஏற்பாடு.

இந்த இடத்தில் மணிமேகலையை நினைக்காமல் இருக்க முடியாது. வஞ்சி நகரில் மணிமேகலை ஒவ்வொரு சமயத்தாரிடமும் போய் அவரவர் கொள்கையைக் கேட்கிறாள். முதலில் பேசும் அளவைவாதி கொள்கையைத் தொடுவதற்கு முன்பே, அறிவு எந்த வழிகளில் வருகிறது என்று எண்ணிக் காட்டுகிறான். அளவைகளை வியாசர் பத்து என்றார், கிருதகோடி எட்டு என்றார், சைமினி ஆறு என்றார். பூதவாதியோ கண்ணால் காண்பதைத் தவிர மற்றதைத் தள்ளிவிடுகிறான். பின்னால் அறவண அடிகள் கற்பிக்கும் பௌத்தத் தருக்கத்தில் அளவைகள் இரண்டே. காட்சி, கருதல். பிறர் சொல்லுக்கு அங்கே தனி நாற்காலி கிடையாது. பதின்மூன்றாம் நூற்றாண்டில் அருணந்தி சிவாச்சாரியார் சிவஞான சித்தியாரில் பத்து அளவைகளையும் காண்டல், கருதல், உரை என்ற மூன்றில் அடக்கினார். சைவ சித்தாந்தத்தில் உரையளவைக்கு நிலையான இடம் கிடைத்தது.

உரை என்றால் எவர் உரை? நியாய சூத்திரத்தின் விடை: ஆப்தரின் சொல். யார் ஆப்தர்? ஏறத்தாழ ஐந்தாம் நூற்றாண்டில் அதற்கு உரை எழுதிய வாத்ஸ்யாயனர், பொருளை நேரடியாக அறிந்தவர், அறிந்தபடியே சொல்ல விரும்புபவர் என்கிறார். அதோடு நிற்கவில்லை. இந்த இலக்கணம் ரிஷிக்கும் ஆரியருக்கும் மிலேச்சருக்கும் ஒன்றுபோலவே பொருந்தும் என்றும் எழுதி வைத்தார். பிறப்பிடம் பார்த்துச் சொல்லுக்கு மதிப்புப் போடக் கூடாது என்பதை அந்தக் காலத்திலேயே ஒரு தருக்க நூலாசிரியர் சொல்லியிருக்கிறார். பல நூற்றாண்டு கழித்து வந்த பொறியாளர்கள், கோரிக்கை எந்த முகவரியிலிருந்து வருகிறது என்பதைப் பார்த்தே மதிப்புப் போட்டார்கள்.

விளைவு தெரிய நாளாகவில்லை. 1985 பிப்ரவரியில் பெல் ஆய்வகத்தில் ராபர்ட் மாரிஸ் என்ற இளைஞர் ஒரு சிறு அறிக்கை எழுதினார். முகவரியை வைத்து ஒரு கணினி இன்னொன்றை நம்பும் முறையில், அந்த முகவரியையே பொய்யாகச் சொல்லி உள்ளே நுழையலாம் என்பது அதன் சாரம். 1988 நவம்பர் 2 அன்று அதே மாரிஸ், அப்போது கார்னெல் பல்கலைக்கழக மாணவர், இணையத்தில் ஒரு 'வார்ம்' நிரலை அவிழ்த்துவிட்டார். அது பரவிய வழிகளில் ஒன்று, கணினிகள் ஒன்றையொன்று கடவுச்சொல் இல்லாமல் நம்பிக்கொண்டிருந்த ஏற்பாடு. அந்த நிரலுக்காக அவர் தண்டனையும் பெற்றார்.

பிறகு ரூட் அதிகாரம் வீட்டுக்கு வந்தது. இன்று மடிக்கணினி வாங்கிய ஒவ்வொருவரும் அந்தக் கணினியின் முழு அதிபதி. எண்ணை மாற்றிக்கொள்ள ஒரு கட்டளை போதும். சர்வருக்கு மட்டும் இது தெரியாது. போதாக்குறைக்கு எக்ஸ்போர்ட்ஸ் கோப்பில் பெயர் பெற்ற ஒரு கண்ணி உண்டு. கணினியின் பெயரை எழுதி, இடைவெளி விடாமல் அடைப்புக்குறிக்குள் எழுதும் உரிமையைக் கொடுத்தால் அது அந்தக் கணினிக்கு மட்டும். நடுவில் ஸ்பேஸ் பாரைத் தெரியாமல் ஒரு தட்டுத் தட்டினால் பொருள் தலைகீழ்: பெயர் சொன்ன கணினிக்கு வாசிக்கும் உரிமை மட்டும், எழுதும் உரிமை பாக்கி உலகத்துக்கெல்லாம். கையேடுகள் இதை எச்சரித்து எச்சரித்து ஓய்ந்துவிட்டன.

இவ்வளவு நம்பும் என்எஃப்எஸ் ஒரே ஒரு சொல்லை மட்டும் நம்புவதில்லை. 'நான் ரூட்' என்று சொல்லி வருபவரை, வேறு ஏற்பாடு செய்யாதவரை, அது 65534 என்ற எண்ணுக்குத் தள்ளிவிடுகிறது. எந்தக் கோப்பும் சொந்தமில்லாத கணக்கு அது. நான் சாதாரண ஆள் என்றால் நம்பு, நான் பெரிய அதிகாரி என்றால் நம்பாதே. 1748-இல் டேவிட் ஹ்யூம் அற்புதங்களைப் பற்றி எழுதியபோது முன்வைத்த வாதமும் இந்த வகைதான். சாட்சி சொல்லும் சங்கதி எவ்வளவு வியப்பானதோ, அவ்வளவு கனமான ஆதாரம் வேண்டும் என்றார் அவர். ஹ்யூம் கேட்டிருந்தால் இந்த ஏற்பாட்டைப் பாராட்டியிருப்பார், அடுத்த நிமிடமே சிரித்தும் இருப்பார். வாசலில் திருப்பி அனுப்பப்பட்ட ரூட், தன் கணினியிலேயே 1000-ஆக வேடம் மாற்றிக்கொண்டு மறுபடி வந்தால் சர்வர் வரவேற்று உட்கார வைக்கும்.

சரி, பின் எப்படித்தான் நம்புவது? மீமாம்சகர்களும், நியாய சூத்திரத்தின் வழிவந்த நையாயிகர்களும் பிரிந்து நிற்பது இங்கேதான். ஓர் அறிவு தோன்றும்போதே அது உண்மை என்ற தகுதியோடுதான் தோன்றுகிறது என்றார் ஏழாம் நூற்றாண்டின் மீமாம்சகர் குமாரில பட்டர். அதைத் தனியாக நிரூபிக்க வேண்டியதில்லை. அதை மறுக்கும் இன்னொரு அறிவு வந்தாலோ, அது பிறந்த இடத்தில் குறை தெரிந்தாலோ மட்டும் கைவிட்டால் போதும். கடற்கரையில் வெள்ளி கிடக்கிறது என்று நினைத்துக் குனிகிறவர், கையில் எடுத்ததும் சிப்பி என்று அறிகிறார். அதுவரை அவர் நம்பியதில் தவறில்லை. நையாயிகர்கள் இதை ஒப்பவில்லை. உண்மை என்ற தகுதி வெளியிலிருந்து உறுதிப்பட வேண்டும். அறிந்ததை வைத்துச் செயலில் இறங்கி, அந்தச் செயல் பலித்தால்தான் அறிவு மெய். குமாரிலர் தரப்பின் பதில் கூர்மையானது. உறுதி செய்யும் அறிவை உறுதி செய்வது எது? அதை உறுதி செய்வது எது? வடமொழித் தருக்கத்தில் இந்த முடிவில்லாத ஓட்டத்துக்கு அனவஸ்தை என்று பெயர்.

லினக்ஸ் கணினிகளுக்கு இடையே கோப்புகளைக் கொண்டுசெல்லும் இரண்டு முறைகளில் இந்த இரு கட்சிகளும் அச்சு அசலாகத் தெரிகின்றன.

முதலாவது எஸ்எஸ்எச். ஹெல்சிங்கி தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் வலையமைப்பில் யாரோ கடவுச்சொற்களை ஒட்டுக்கேட்டுத் திருடியதைப் பார்த்த தாத்து உலோனன், 1995-இல் இதை எழுதினார். புதிய கணினியோடு முதல் முறை தொடர்புகொள்ளும்போது, அதன் சாவியின் கைரேகையைத் திரையில் காட்டி, நம்பலாமா என்று கேட்கும். 'எஸ்' என்று தட்டியதும் மனத்தில் குறித்துக்கொள்ளும். அடுத்த முறையிலிருந்து மூச்சு விடாது. என்றைக்காவது அந்தச் சாவி மாறியிருந்தால் மட்டும் திரை முழுக்கப் பெரிய எழுத்தில் அலறும். குமாரிலருக்கு இதை விளக்க வேண்டியே இருக்காது. முதல் அறிவை ஏற்பது, மறுப்பு வரும்வரை தொந்தரவு செய்யாமலிருப்பது, மறுப்பு வந்தால் நின்றுவிடுவது.

இரண்டாவது கெர்பரோஸ். எம்ஐடியில் 1983-இல் தொடங்கிய அத்தீனா திட்டத்தில் பிறந்தது. கேட்பவரும் கொடுப்பவரும் ஒருவரையொருவர் நம்ப வேண்டியதில்லை. இருவரும் நம்பும் மூன்றாவது சர்வர் ஒன்று சில மணி நேரம் செல்லும் சீட்டு கொடுக்கும். என்எஃப்எஸ்ஸோடு இதை இணைத்தால் வெறுமனே '1000' என்று சொல்லி உள்ளே வர முடியாது. இதன் தேவையை விளக்க 1988-இல் பில் பிரயன்ட் நான்கு காட்சிகள் கொண்ட ஓர் உரையாடல் நாடகம் எழுதினார். அத்தீனா ஒவ்வொரு முறையும் ஒரு பாதுகாப்புத் திட்டத்தோடு வருகிறாள். யூரிபிடீஸ் அதில் ஓட்டை கண்டுபிடித்துத் திருப்பி அனுப்புகிறான். கணினித் துறை ஆவணங்களில் பூர்வபட்சம், சித்தாந்தம் என்ற பழைய வாத அமைப்புக்கு இவ்வளவு நெருக்கமாக வருவது வேறொன்று இருக்குமா என்பது சந்தேகமே. ஆனால் குமாரிலரின் கேள்வி மட்டும் தீரவில்லை. சீட்டு கொடுக்கும் சர்வரை யார் சோதிப்பது? கெர்பரோஸுக்கு எல்லாக் கணினிகளின் கடிகாரங்களும் சுமார் ஐந்து நிமிடத்துக்குள் ஒத்துப்போக வேண்டும். அந்த நேரத்தைச் சொல்லும் சர்வரை யார் சோதிப்பது? கென் தாம்ப்சன் 1984-இல் வெளியான தன் டூரிங் விருது உரையில் இந்த ஓட்டத்தை அடிமட்டம்வரை கொண்டுபோனார். மூல நிரலை வரி வரியாகப் படித்தாலும், அதை இயங்கும் நிரலாக மாற்றும் கம்பைலர் பொய் சொன்னால் கண்டுபிடிக்க முடியாது என்று செய்தே காட்டினார்.

கோப்புகளைப் பகிரும் இன்னொரு மென்பொருளான சாம்பாவைப் பற்றியும் இரண்டு வார்த்தை. ஆஸ்திரேலியாவின் கான்பெராவில் ஆய்வு மாணவராக இருந்த ஆண்ட்ரூ டிரிட்ஜல் தொடங்கியது இது. விண்டோஸோடு பேசுவதற்காகவே புகழ்பெற்றாலும் லினக்ஸ் கணினிகளுக்கு இடையிலும் ஓடும். கணினியைப் பார்க்காமல் ஆளைப் பார்த்துப் பெயரும் கடவுச்சொல்லும் கேட்கும் என்பதால், அப்பா, மகள் குழப்பம் இங்கே எழாது. தத்துவச் சிக்கல் குறைவு, ஆகவே கட்டுரையாளருக்குப் பயனும் குறைவு.

இரு கட்சிகளில் எது வென்றது என்று கேட்பவர்களுக்கு 2024 ஒரு பாடம் வைத்திருக்கிறது. எக்ஸ்இசட் என்பது கோப்புகளைச் சுருக்கும் சிறிய நிரல்; ஏறக்குறைய எல்லா லினக்ஸிலும் உண்டு. ஜியா டான் என்ற பெயரில் ஒருவர் 2021-இலிருந்து அதற்கு உழைத்தார், நல்ல திருத்தங்கள் அனுப்பினார், பராமரிப்பாளர் பொறுப்புக்கே உயர்ந்தார். அறிந்தவர், உதவ விரும்புபவர், செயல் பலிக்கக் கண்டவர். நியாய சூத்திரத்தின் அளவுகோலில் வெளியிலிருந்து பார்த்தால் அப்பழுக்கற்ற ஆப்தர். அவர் வெளியிட்ட 5.6.0, 5.6.1 பதிப்புகளில் எஸ்எஸ்எச் சர்வருக்குள் கள்ளத்தனமாக நுழையும் வழி ஒன்று புதைந்திருந்தது. கையொப்பங்கள் சரியாக இருந்தன. சோதனைகள் தேறின. மார்ச் 29 அன்று அதை உலகுக்குச் சொன்னவர் ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட் என்ற பொறியாளர். அவர் பாதுகாப்பு ஆய்வில் இறங்கியிருக்கவில்லை. டெபியனின் வளர்ச்சிநிலைப் பதிப்பில் வேகக் கணக்கு எடுத்துக்கொண்டிருந்தார். எஸ்எஸ்எச் வழியாக உள்நுழைய வழக்கத்தைவிட அரை விநாடி கூடுதலாகப் பிடிக்கிறதே என்று உறுத்தியது. அந்த உறுத்தலைப் பிடித்துக்கொண்டே போனார்.

சான்றிதழ்கள் அத்தனையும் பிடிக்காததை ஒரு சிறு முரண் பிடித்துக் கொடுத்தது. இதை வைத்து நையாயிகர்கள் தோற்றார்கள் என்று தீர்ப்பெழுதுவது அவசரம். செயலைச் சோதித்துப் பார்க்கும் அவர்களுடைய பழக்கம்தான் ஃப்ராய்ண்டையும் நடத்திச் சென்றது. மீமாம்சை சொல்வதில் நடைமுறை உண்மை அதிகம் என்பது மட்டும் தெளிவு. நம்பாமல் தொடங்கவே முடியாது. ஸ்காட்லாந்தின் தாமஸ் ரீட் 1764-இல் ஹ்யூமுக்கு எதிராகச் சொன்னதும் இதுவே: குழந்தை எல்லாரையும் நம்பித்தான் வாழ்க்கையைத் தொடங்குகிறது, பிறகுதான் யாரை நம்பக் கூடாது என்று கற்றுக்கொள்கிறது. ஆனால் குமாரிலரின் ஏற்பாட்டுக்கு ஒரு நிபந்தனை உண்டு. மறுப்பு வரும்போது காது கேட்க வேண்டும். எஸ்எஸ்எச் அலறும்போது, 'கணினியில் லினக்ஸை மறுபடி நிறுவியிருப்பார்கள்' என்று பழைய சாவியின் வரியை நீக்கிவிட்டு மேலே போவது இன்று பெரும்பாலானோர் வழக்கம். பத்தில் ஒன்பது முறை அந்த ஊகம் சரியாகவும் இருக்கும். அதனால்தான் ஆபத்து.

2010-இல் ஜான் கிண்டர்வாக் 'ஜீரோ டிரஸ்ட்' என்ற பெயரில் முன்வைத்த கொள்கையைச் சிலர் வீட்டுக்கும் கொண்டுவரச் சொல்கிறார்கள். உள்ளே இருக்கிறது என்பதற்காக எந்தக் கணினியையும் நம்பாதே, ஒவ்வொரு கோரிக்கையையும் ஆதாரம் பார்த்துத் தீர்மானி என்கிறது அது. உரைக்குத் தனி இடம் தராத அறவண அடிகள் இதற்குத் தலையசைப்பார். பெரிய அலுவலகத்துக்கு இது சரி. மூன்று கணினிகளுக்காகக் கெர்பரோஸ் சர்வர் வைத்து, கடிகாரம் சரிபார்த்து, சீட்டு காலாவதியானதால் தாத்தாவின் அறுபதாம் கல்யாணப் படம் திறக்கவில்லை என்று பாட்டிக்கு விளக்கம் சொல்வது நடக்கிற காரியமில்லை. அதே நேரம், வீட்டு வைஃபையின் கடவுச்சொல் விருந்தாளிகள் பலருக்குத் தெரியும், அதே வலையில் டிவியும் இருக்கிறது, கேமராவும் இருக்கிறது. உள்ளே வந்தவரெல்லாம் குடும்பத்தார் என்ற கணக்கும் செல்லாது.

ஆகவே பொருளுக்கு ஏற்ற நம்பிக்கையே முறை. குடும்பப் படங்களும் பாட்டுகளும் என்எஃப்எஸ் வழியாகப் போகட்டும். வாசிக்க மட்டும் உரிமை கொடுத்து, எக்ஸ்போர்ட்ஸ் வரியில் வீட்டுக் கணினிகளின் முகவரிகளை மட்டும் குறிப்பிட்டு, வருகிற எல்லா எண்களையும் ஒரே எண்ணாக மாற்றும் அமைப்பைப் போட்டுவிடலாம். அப்பாவும் மகளும் பாட்டியும் சர்வரின் பார்வையில் ஒருவரே ஆவார்கள். அத்வைதிகளுக்கு இதில் மகிழ்ச்சி இருக்கலாம், ஆனால் யார் எதைத் திறந்தார் என்று பிறகு கேட்டால் விடை கிடைக்காது. வரிக் கணக்கு, மருத்துவ அறிக்கை, நாட்குறிப்பு ஆகியவை எஸ்எஸ்எச் வழியாக மட்டும், அவரவர் சாவியோடு. எதுவானாலும் இன்னொரு வட்டில் ஒரு பிரதி.

இன்னொன்று. உலகின் மறுகோடியில் இருக்கும் சர்வரின் கைரேகையைச் சரிபார்க்க யாரோ ஒருவரின் சொல்லை நம்பியே ஆக வேண்டும். வீட்டில் அந்தக் கட்டாயம் இல்லை. ஹாலில் இருக்கும் கணினியிலேயே அதன் கைரேகையைத் திரையில் வரவழைக்கலாம். பூதவாதிகூட மறுக்காத காட்சியளவை கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. எஸ்எஸ்எச் முதல் முறை கேள்வி கேட்கும்போது 'எஸ்' என்று தட்டிவிடாமல், மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு ஹாலுக்குப் போய் இரண்டு திரைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுப் பாருங்கள். மொத்தம் 43 எழுத்துகள்தான்.